பச்சைப்பாசி ஏன் சிவக்கிறது?

பச்சைப்பாசி என்று பெயர் வைத்துவிட்டு, அதன் நிறம் ஆரஞ்சு என்று சொன்னால் வகுப்பில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் போகும்போது பழைய மதில்கள், கடைவீடுகளின் பின்சுவர்கள், சாலையோர மரங்களின் அடித்தண்டுகள் இவற்றைக் கொஞ்சம் நின்று பாருங்க. சில இடங்களில் செம்மஞ்சள் நிறத்தில், மெல்லிய வெல்வெட் துணியை ஒட்டியதுபோல் ஒரு படலம் இருக்கும். பார்த்தவுடன் துரு என்போம். இல்லாவிட்டால் செம்மண் தெறிச்சிருக்கு என்போம். ஏதோ பூஞ்சை என்று சொல்பவர்களும் உண்டு. பல நேரங்களில் இந்த மூன்றுமே இல்லை. அது டிரென்டிபோலியா என்னும் பச்சைப்பாசி.

வேறுபடுத்துவது ஒன்றும் கஷ்டமில்லை. துருக் கறை ஓர் ஆணியிலோ கம்பியிலோ தொடங்கிக் கீழ்நோக்கி வழியும். செம்மண் தெறிப்பு சுவரின் அடிப்பகுதியோடு நின்றுவிடும். பாசிப்படலம் சுவரின் நடுவிலும் இருக்கும், இரும்பே இல்லாத மரப்பட்டையிலும் இருக்கும். விரலால் தேய்த்தால் பொடிப்பொடியாக ஒட்டும். உள்ளே பச்சையம் இருக்கிறது, ஒளிச்சேர்க்கையும் நடக்கிறது. வகைப்பாட்டில் அது பச்சைப்பாசிகளோடுதான் சேர்க்கப்பட்டிருக்கிறது. வெளியே தெரியும் ஆரஞ்சு, அந்தப் பச்சைக்கு மேல் பாசி தானே போட்டுக்கொண்ட போர்வை.

எதற்காகப் போட்டுக்கொள்கிறது, எப்படிப் போட்டுக்கொள்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. "இது அறிவியல் ஆசிரியர் எழுத வேண்டியதாச்சே, தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைக்கும் ஒளிச்சேர்க்கை, பச்சையம், உயிர்வளி, கரிவளி என்று தமிழில் படிக்கிறார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அறிவியல் மலாயிலோ ஆங்கிலத்திலோ போய்விடுகிறது. பன்னிரண்டு வயதோடு தமிழில் அறிவியல் நின்றுபோன ஒரு மாணவர், பதினேழு வயதில் அறிவியல் தலைப்பில் விளக்கக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் என்ன நடக்கும்? சொல் கிடைக்காது. அதைவிட மோசம், காரணத்தையும் விளைவையும் இணைக்கும் வாக்கியம் வராது. "வெயில் அதிகம், அதனால் பாசி சிவப்பாக மாறுகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். அந்த "அதனால்" என்ற சொல்லுக்குள் எத்தனை படிகள் ஒளிந்திருக்கின்றன என்று பார்ப்போம்.

முதலில் இரண்டு சொற்கள். நிறம் வேறு, நிறமி வேறு. நிறம் என்பது கண்ணுக்குத் தெரிவது. நிறமி என்பது அந்த நிறத்தைத் தரும் வேதிப்பொருள். மஞ்சள்தூளின் மஞ்சள் நிறம். அந்தத் தூளில் இருக்கும் குர்க்குமின் நிறமி. அடுத்தது, பாசி வாழும் சூழலில் வரும் கடுமையை எந்தச் சொல்லால் குறிப்பது? சில பாடநூல்களில் "சூழல் அழுத்தம்" என்று இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அழுத்தம் என்றதும் மாணவர்களுக்குக் காற்றழுத்தமும் இரத்த அழுத்தமும்தான் நினைவுக்கு வருகின்றன. "சூழல் நெருக்கடி" என்று எழுதினால் பொருள் நேராகப் போய்ச் சேரும். கடும் வெயில், வறட்சி, சத்துக் குறைவு, உப்பு, வெப்பம், குளிர் எல்லாம் அதில் அடங்கும்.

இப்போது உள்ளே போவோம். பச்சையம் ஒளியை வாங்கும் வேலையைச் செய்கிறது. வாங்கிய ஆற்றலைக் கொண்டு உயிரணு கரிவளியைச் சர்க்கரையாக்குகிறது. இந்த இரண்டு வேலைகளும் ஒரே வேகத்தில் நடந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் பச்சையத்துக்கு "இன்றைக்குப் போதும்" என்று ஒளியைத் திருப்பி அனுப்பத் தெரியாது. மேலே விழும் ஒளியை அது வாங்கிக்கொண்டே இருக்கும். சர்க்கரை செய்யும் பகுதியோ நொதிகளை நம்பி இருக்கிறது. நொதிகள் புரதங்கள். புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும், நீர் வேண்டும், தாங்கக்கூடிய வெப்பம் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பகுதி மெதுவாகிவிடும்.

கே.எல். செண்ட்ரலில் மாலை ஆறு மணியை நினைச்சுப் பாருங்க. மின்படிக்கட்டு ஆட்களைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கிறது. ரயிலோ தாமதம். மேடையில் இடமில்லை, ஆனாலும் மின்படிக்கட்டு நிற்கவில்லை. தள்ளுமுள்ளு தொடங்கும், யாராவது கீழே விழுவார்கள். உயிரணுவுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஒளியால் கிளர்ந்த பச்சையம் தன் ஆற்றலை இறக்கிவைக்க இடமில்லாமல், பக்கத்தில் இருக்கும் உயிர்வளி மீது இறக்கிவிடுகிறது. அப்படி ஆற்றல் ஏறிய உயிர்வளி, நாம் மூச்சிழுக்கும் சாதுவான உயிர்வளி இல்லை. வினைத்திறன் மிகுந்தது. அருகில் இருக்கும் கொழுப்புச் சவ்வு, புரதம், மரபணுப் பொருள் என்று எதையும் விடாது, தாக்கும். ஆகவே பாசியைக் கொல்வது வெயிலின் சூடு மட்டும் இல்லை. வாங்கிய ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல் போவதுதான் பெரிய ஆபத்து. கட்டுரையில் பெரும்பாலோர் தவறவிடும் படி இது.

இந்த இடத்தில்தான் கரோட்டினாய்டுகள் வருகின்றன. கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின் இந்தக் குடும்பம். சோளத்தின் மஞ்சளுக்குக் காரணமான சியாசாந்தினும் இதே குடும்பம். சோளத்தின் அறிவியல் பெயரான சியா என்பதிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. இவை நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன. நீலத்தை எடுத்துவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புவதால் நம் கண்ணுக்கு மஞ்சளாக, ஆரஞ்சாக, சிவப்பாகத் தெரிகின்றன. பச்சையமும் நீல ஒளியை நன்றாக வாங்கும் என்பதால், அதன் முன்னால் கரோட்டினாய்டு நின்றால் பச்சையத்துக்குப் போகும் ஒளி குறைகிறது. பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் வெயில் பக்கம் மூங்கில் திரை தொங்கவிடுவார்களே, அது மாதிரி. அதோடு, முரட்டுத்தனமாகத் திரியும் உயிர்வளியிடமிருந்து ஆற்றலைத் தான் வாங்கி, தீங்கில்லாத வெப்பமாக வெளியே விட்டுவிடும் திறனும் இவற்றுக்கு உண்டு.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. பீட்டா கரோட்டினில் 40 கரி அணுக்கள், 56 நீரக அணுக்கள், அவ்வளவுதான், நைட்ரஜனே கிடையாது. நைட்ரஜன் பஞ்சம் வந்த உயிரணுவால் புதிய பச்சையத்தைச் செய்ய முடியாது, ஆனால் கரோட்டினைச் செய்ய முடியும். கையில் இல்லாத பொருளைக் கேட்காமல், மிஞ்சிக் கிடக்கும் கரியைக் கொண்டே கவசம் செய்துகொள்கிறது. கொழுப்பும் அப்படித்தான், நைட்ரஜன் வேண்டாம். அதனால் நெருக்கடிக் காலத்தில் பாசி எண்ணெய்த் துளிகளைச் சேர்க்கிறது. நிறமி அந்தத் துளிகளில் கரைந்து நிற்கிறது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். எல்லாப் பாதுகாப்பும் நிறம் மாறும் அளவுக்குப் போவதில்லை. மேகம் விலகித் திடீரென வெயில் அடித்தால், பச்சைப்பாசிகள் பலவற்றில் வயோலாசாந்தின் என்ற நிறமி சில நிமிடங்களில் சியாசாந்தினாக மாறி, மிகை ஆற்றலை வெப்பமாக வெளியேற்ற உதவும். வெயில் தணிந்தால் திரும்பவும் பழையபடி. இது நம் கண்ணுக்குத் தெரியாது, பாசி பச்சையாகவேதான் இருக்கும். நெருக்கடி நாள்கணக்கில் நீடித்தால்தான் ஆரஞ்சும் சிவப்பும். முதலாவது குடை விரிப்பது. இரண்டாவது கூரை போடுவது.

கூரை போடுவதில் கைதேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் நன்றாகப் படித்துவைத்திருக்கும் பாசிகள் இரண்டு. ஒன்று ஹீமடோகாக்கஸ். பாறைக் குழிகளிலும் பறவைகள் நீர் குடிக்கும் கல்தொட்டிகளிலும் தேங்கும் மழைநீர் போதும் இதற்கு. தண்ணீர் நிறைய இருக்கும்போது இரண்டு கசையிழைகளைச் சுழற்றிக்கொண்டு பச்சையாக நீந்தும். தண்ணீர் வற்றி, சத்து தீர்ந்து, வெயில் ஏறும்போது நீச்சலை நிறுத்திவிடும். கசையிழைகள் போகும், உருண்டையாகும், சுவர் தடிக்கும், சில நாள்களில் இரத்தச் சிவப்பாகும். அந்தச் சிவப்பு அஸ்டாசாந்தின் என்னும் நிறமி. உலர்ந்த எடையில் ஏறக்குறைய 4 விழுக்காடு வரை சேரும். ஒரே நிறமி இந்த அளவுக்குச் சேர்வது சாதாரணம் இல்லை. இன்னொரு விந்தை: நிறமி ஏந்திய எண்ணெய்த் துளிகள் உயிரணுவுக்குள் இடம் மாறும். ஒளி பட்டால் விளிம்பை நோக்கி நகர்ந்து பசுங்கணிகத்துக்கு முன்னால் திரையாக நிற்கும்; இருட்டில் திரும்பவும் நடுவில் உட்கருவைச் சுற்றிக் கூடும். மழை வந்து தொட்டி நிறைந்தால் அந்தச் சிவப்பு உருண்டைக்குள்ளிருந்து மீண்டும் பச்சை உயிரணுக்கள் நீந்தி வரும்.

அஸ்டாசாந்தின் உங்களுக்கு அந்நியமானது இல்லை. இறாலை வேகவைத்தால் சிவப்பாகிறதே, அது இதுதான். பச்சை இறாலில் இந்த நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து நீலச் சாம்பலாகத் தெரிகிறது. சூட்டில் புரதம் சிதைந்ததும் நிறமியின் சொந்தச் சிவப்பு வெளியே வருகிறது. இறால் இந்தக் குடும்ப நிறமிகளை அடியிலிருந்து தானே செய்வதில்லை, உணவுச் சங்கிலி வழியாகப் பாசிகளிடமிருந்துதான் பெறுகிறது. ஹவாயிலும் இஸ்ரேலிலும் ஹீமடோகாக்கஸை வணிகத்துக்காகவே வளர்க்கிறார்கள். முதலில் நன்றாகச் சத்துக் கொடுத்துப் பச்சையாகப் பெருக்குவது, பிறகு வேண்டுமென்றே பட்டினி போட்டு, கடும் ஒளியில் நிறுத்திச் சிவக்க வைப்பது. மருந்துக் கடைகளில் அஸ்டாசாந்தின் மாத்திரைகளைப் பார்த்திருப்பீர்கள். மாணவர்களே, அந்தப் பெட்டிகளில் அச்சிட்டிருப்பதை எல்லாம் உண்மை என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். பாசிக்குப் பயன்படுவது நிறுவப்பட்ட செய்தி. மனிதருக்கு என்னென்ன செய்யும் என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு சான்று வேண்டும்.

இரண்டாவது டுனாலியெல்லா சலைனா, உப்பளத்துப் பாசி. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களைப் படங்களில் பார்த்திருந்தால், சில பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருப்பதைக் கவனித்திருக்கலாம். கடல்நீரைப் போல் பல மடங்கு உப்பேறிய அந்த நீரில் மீனும் இருக்காது, புழுவும் இருக்காது. இந்தப் பாசி இருக்கும். அதோடு உப்பை விரும்பும் சிவப்பு நுண்ணுயிர்களும் சேர்ந்திருக்கும். பாத்தியின் நிறம் இந்த இரண்டும் கலந்தது. டுனாலியெல்லாவுக்குக் கெட்டியான உயிரணுச் சுவரே கிடையாது. வெளியே அவ்வளவு உப்பு இருக்கும்போது உள்ளிருக்கும் நீர் வெளியேறி அது சுருங்கிச் சாக வேண்டும். சாகவில்லை. உள்ளே கிளிசரால் என்ற பொருளைச் செய்து நிரப்பி ஈடுகட்டிக்கொள்கிறது. கிளிசராலுக்கு நிறம் இல்லை.

இங்கே நிறுத்திக் கவனிங்க. "உப்பு அதிகமாக இருப்பதால் பாசி சிவக்கிறது" என்பது பாதி உண்மை. உப்புக்கு நேரான மறுமொழி கிளிசரால். சிவப்புக்கு முதன்மையான காரணம் கடும் ஒளியும் சத்துக் குறைவும். உப்பு பாசியின் வளர்ச்சியைத் தடுத்து அந்த நெருக்கடியைக் கூட்டுகிறது. ஒளியும் பட்டினியும் சேர்ந்தால் பீட்டா கரோட்டின் இதன் உலர்ந்த எடையில் 10 விழுக்காட்டையும் தாண்டும். ஹீமடோகாக்கஸில் சிவப்புத் துளிகள் பசுங்கணிகத்துக்கு வெளியே இருக்கும், டுனாலியெல்லாவில் பசுங்கணிகத்துக்கு உள்ளேயே இருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன் என்ற இளஞ்சிவப்பு ஏரியில் இதை வளர்த்து பீட்டா கரோட்டின் எடுக்கிறார்கள். உணவுப்பொருள் பொட்டலங்களில் இயற்கை நிறம் என்று போட்டிருப்பதில் ஒரு பங்கு இப்படிப்பட்ட நீர்நிலைகளிலிருந்து வருகிறது.

சரி, நம் சுவருக்குத் திரும்புவோம். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. இவ்வளவு ஈரத்தில் பாசிக்கு என்ன நெருக்கடி? நமக்கு ஈரம், சுவருக்கு அப்படி இல்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 3 பாகையில் இருக்கிறோம். நடுப்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்கு நேர். காரை பூசிய சுவர் சூடேறி உலர்கிறது; நான்கு மணிக்கு மழை கொட்டி நனைகிறது; மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் மீண்டும் உலர்கிறது. மண் இல்லாததால் வேர்வழிச் சத்து கிடையாது. மழைத்துளியும் தூசியும் கொண்டுவருவதுதான் சாப்பாடு. மிகுந்த ஒளி, குறைந்த நைட்ரஜன், விட்டுவிட்டு வரும் நீர். மேலே சொன்ன கணக்கை இதில் போட்டுப் பாருங்க. விடை ஆரஞ்சுதான். டிரென்டிபோலியாவின் உயிரணுக்கள் இழையிழையாகக் கோத்திருக்கும். ஒவ்வொன்றிலும் பீட்டா கரோட்டின் கரைந்த எண்ணெய்த் துளிகள். இதையே ஆய்வகத்தில் குறைந்த ஒளியில், நைட்ரஜன் நிறைந்த ஊடகத்தில் வளர்த்தால் ஆரஞ்சு குறைந்து பச்சை தெரியத் தொடங்கும்.

இதன் உறவுக்காரப் பாசி ஒன்று இலைகளில் வாழ்கிறது: செபலியூரோஸ். கொய்யா, மா இலைகளில் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரியும். தேயிலையில் இதைச் "செந்துரு நோய்" என்பார்கள். துருவும் இல்லை, துருப்பூஞ்சையும் இல்லை, இதுவும் பச்சைப்பாசிதான். சுவரில் இருக்கும் டிரென்டிபோலியா அப்படி எதையும் நோயாக்குவதில்லை. மரப்பட்டையில் இருந்தாலும் அங்கே வெறும் குடியிருப்புதான், மரத்தைச் சாப்பிடுவதில்லை. பள்ளிகளில் கோத்தோங் ரோயோங் நடக்கும்போது "மரத்துக்கு நோய் வந்திருச்சு" என்று கத்தியை எடுக்கும் முன் இதைச் சொல்லிவையுங்கள்.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளம் நல்ல எடுத்துக்காட்டு. 2001 ஜூலை 25 அன்று கோட்டயம், இடுக்கிப் பகுதிகளில் சிவப்பு மழை பெய்தது. செப்டம்பர் வரை விட்டுவிட்டுப் பல இடங்களில் பெய்தது. துணிகளில் கறை படிந்தது. திருவனந்தபுரத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையம் முதலில் விண்கல் ஒன்று வெடித்துச் சிதறியதுதான் காரணம் என்றது. சில நாள்களிலேயே உருப்பெருக்கியில் துகள்களைப் பார்த்துவிட்டு அந்தக் கருத்தைக் கைவிட்டது. துகள்கள் வித்துகளைப் போல் இருந்தன. வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தில் அவற்றை வளர்த்துப் பார்த்தார்கள். முளைத்து வந்தது டிரென்டிபோலியா. அந்தப் பகுதி மரங்களில் பூஞ்சையோடு கூட்டாக வாழும் வகை அது. பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தால் அதற்கு லைக்கன் என்று பெயர். நம் மசாலாக் கடைகளில் விற்கும் கல்பாசி, பெயரில் பாசி இருந்தாலும், ஒரு லைக்கன்தான்.

அதோடு கதை முடியவில்லை. 2006-இல் காட்பிரே லூயி, சந்தோஷ் குமார் என்ற இரு இயற்பியலாளர்கள், அந்தத் துகள்கள் விண்வெளியிலிருந்து வந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்று கட்டுரை வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் பரவியது அந்தச் செய்திதான். 2015-இல் பெலிக்ஸ் பாஸ்ட் குழுவினர் மரபணு ஆய்வு செய்து, அது டிரென்டிபோலியா அனுலாட்டா என்ற இனம் என்று காட்டினார்கள். அந்தச் செய்தி அவ்வளவு தூரம் போகவில்லை. வேற்றுக்கிரகத்துக்குக் கிடைக்கும் மவுசு பாசிக்குக் கிடைக்குமா, சொல்லுங்க.

வேடிக்கை என்னவென்றால், இதே பிழை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நடந்திருக்கிறது. 1818-இல் ஜான் ராஸ் தலைமையில் வட துருவப் பக்கம் போன கப்பல் குழு, கிரீன்லாந்துக் கரையில் சிவப்புப் பனியைக் கண்டு எடுத்து வந்தது. இலண்டன் பத்திரிகையில் விண்கல் இரும்பு என்று எழுதினார்கள். பிறகு தெரிந்தது, பனியில் வாழும் பச்சைப்பாசி, அதுவும் அஸ்டாசாந்தின் பூசிக்கொண்ட பச்சைப்பாசி. பனிப்பரப்பில் குளிர் உயிரணுவின் வேலையை மெதுவாக்குகிறது; வெள்ளைப் பனி ஒளியை எல்லாப் பக்கமும் எதிரொளிக்கிறது. கிள்ளான் சுவரில் வறட்சியும் பட்டினியும், கிரீன்லாந்தில் குளிர். உயிரணுவுக்குள் நிலைமை ஒன்றுதான்: வரவு அதிகம், செலவுக்கு வழியில்லை.

இனி நம் பாடத்துக்கு வருகிறேன். "பாசி" என்ற சொல்லே பச்சையோடு உறவுள்ளது. பாசிப்பயறு, பசும்புல், பசுமை எல்லாம் ஒரே வேர்க் குடும்பம். பிரிவால் வாடும் தலைவியின் மேனியில் படரும் பசலையும் அதே குடும்பம்தான். பசலை, துன்பம் வந்து உடலில் ஏற்றிவிடும் நிறம். தலைவி கேட்டு வாங்கியது இல்லை. பாசியின் சிவப்பு அப்படி அல்ல. இந்த வேறுபாட்டைத் தமிழில் ஒரே துணைவினையால் காட்டிவிடலாம்.

மூன்று வாக்கியங்களைப் பாருங்க. "பாசி சிவந்தது." தன்வினை, என்ன நடந்தது என்று மட்டும் தெரிகிறது. "வெயில் பாசியைச் சிவக்க வைத்தது." பிறவினை, வெயில் எழுவாயாகி, பாசி வெறும் செயப்படுபொருள் ஆகிவிட்டது. சுட்ட செங்கல்லைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவோம். "பாசி தன்னைச் சிவப்பாக்கிக்கொண்டது." இந்தக் "கொள்" வந்தவுடன் செய்வதும் பாசி, பயன் பெறுவதும் பாசி என்று ஆகிவிடுகிறது. அறிவியல்படி மூன்றாவதுதான் சரியான வாக்கியம். வெயில் பாசியை வண்ணம் பூசவில்லை, கருக்கவும் இல்லை. வெயில் நெருக்கடியைத் தந்தது. நிறமியைத் தயாரித்தது உயிரணுவின் சொந்த நொதிகள். செத்த பாசியை எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் அது வெளுக்குமே தவிர புதிதாகக் கரோட்டின் செய்யாது.

இதில் ஓர் எச்சரிக்கை. "கொள்" போட்டதற்காகப் பாசி யோசித்து முடிவெடுத்தது என்று கற்பனையை ஓட்டிவிடக் கூடாது. "பாசி தன்னைக் காப்பாற்ற விரும்பியது" என்று சில விடைத்தாள்களில் வரும். பாசிக்கு விருப்பம் கிடையாது. நெருக்கடியில் இந்த நிறமியைச் செய்ய முடிந்த பாசிகள் பிழைத்துப் பெருகின, முடியாதவை அந்த இடங்களில் நிலைக்கவில்லை. சிறுகதையில் பாசியைப் பேச வைக்கலாம், விளக்கக் கட்டுரையில் வேண்டாம்.

இப்போது பழைய ஒற்றை வரியை விரித்து எழுதினால் இப்படி வரும்: "கடும் வெயிலில் பச்சையம் தேவைக்கு மிஞ்சிய ஒளியை வாங்குகிறது. நைட்ரஜனும் நீரும் குறைந்திருப்பதால் உயிரணுவால் அந்த ஆற்றலைச் சர்க்கரையாக்கிச் செலவழிக்க முடிவதில்லை. மிஞ்சிய ஆற்றல் உயிர்வளியைச் சென்றடைந்து, அதை உயிரணுவைச் சிதைக்கும் பொருளாக மாற்றுகிறது. இச்சிதைவைத் தடுக்கும் பொருட்டுப் பயன்படும் கரோட்டினாய்டு நிறமிகளை, நைட்ரஜன் இல்லாமலே செய்ய முடியும் என்பதால், பாசி மிகுதியாக உருவாக்கிக்கொள்கிறது. அவை பச்சையத்தை மறைக்கும் அளவுக்குச் சேரும்போது பாசி ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ தெரிகிறது." ஐந்து வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் முந்தைய வாக்கியத்தின் விளைவு அடுத்ததன் காரணமாக நிற்கிறது. கடைசி வாக்கியத்தில் "மாறுகிறது" என்று போடாமல் "தெரிகிறது" என்று போட்டதையும் கவனிங்க. உள்ளே பச்சை இன்னும் இருக்கிறது.

வகுப்பில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு: அறிவியல் ஆசிரியரிடம் சொல்லி உருப்பெருக்கியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி மதிலில் ஆரஞ்சுப் படலம் இருந்தால் ஒட்டுநாடாவை மெதுவாக அழுத்தி எடுத்தாலே போதும், சுரண்ட வேண்டியதில்லை. கோயில் சுவரிலோ அடுத்தவர் வீட்டு மதிலிலோ எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தால் மணிமாலைபோல் கோத்த உயிரணுக்களும் உள்ளே ஆரஞ்சுத் துளிகளும் தெரியும். துரு என்றால் வெறும் துகள்தான் தெரியும், இழை இருக்காது. முடிந்தால் நன்றாக வெயில் படும் பக்கத்தில் ஒன்று, மரநிழல் விழும் பக்கத்தில் ஒன்று என்று இரண்டு மாதிரிகள் எடுங்கள். எந்த நாடா எங்கே எடுத்தது என்று சொல்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, எது வெயில் பக்கம் என்று காரணத்தோடு ஐந்து வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள்.